பேய்ப் படத்தை நிறுத்தாதீர்கள்: ஒரு பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் திறந்த மடல்

குழுத் தலைவி அக்காவுக்கும், உறுப்பினர்களாக இருக்கும் அம்மாக்களுக்கும் அண்ணாச்சிமாருக்கும், ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். உங்களில் பாதிப் பேர் வீட்டு விசேஷத்துக்குக் கேமராவோடு வந்திருக்கிறேன். பந்தியில் நீங்கள் வடையைக் கடிக்கிற நேரமாகப் பார்த்து முகத்தில் லைட் அடித்தவன் நான்தான், மன்னித்துவிடுங்கள். அந்தத் தொழில் போக, இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை மாலைகளில் பள்ளியின் பழைய ஆய்வகத்தில் எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் ஒன் வரை உள்ள பிள்ளைகளுக்குக் குறும்படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்து வந்தேன். பெரும்பாலும் பேய்ப் படம். போன கூட்டத்தில் அதை நிறுத்திவைத்துவிட்டீர்கள். பேய்ப் படம் வேண்டாம், வேண்டுமானால் விழிப்புணர்வுப் படம் எடுக்கட்டும் என்று முடிவானதாகத் தலைமையாசிரியர் சொன்னார்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தபோதே குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டார்கள். அதனால் ஓர் அம்மா பயப்படுகிறார் என்றால் அந்தப் பயத்துக்குக் கூட்டத்தில் எடை உண்டு. அதை நான் கேள்வி கேட்கவில்லை. நான் உறுப்பினர் இல்லை, அன்றைக்கு எனக்குப் பேச இடமும் இல்லை. அதனால்தான் இந்த மடல். பள்ளி பெயரையும் ஊர் பெயரையும் போடவில்லை. செம்மணல் மேடான தேரிக்காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு பள்ளி என்று வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் எடுத்த ‘தொட்டி’ படத்தைப் போட்டுக் காட்டிய அன்று வாசல் கதவை நான் சாத்தவில்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அக்காவோடு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான். தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு கை மெல்ல எழும்புகிற காட்சியில் அவன் வீறிட்டது எனக்கும் கேட்டது. அன்று இரவு அவனுக்குக் காய்ச்சல். அவன் அம்மா கோவிலுக்குத் தூக்கிப் போய் விபூதி போட்டு, கயிறு கட்டிக் கூட்டி வந்தார். இதெல்லாம் நடந்தது. அந்த அம்மா கூட்டத்தில் அழுததும் நியாயம்தான்.

நான்கு நாள் கழித்து, அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, பையனை ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். அந்தக் கை, தோட்ட வேலைக்குப் போடும் ரப்பர் கையுறை. உள்ளே தேரி மணல். நகத்துக்கு வெங்காயச் சருகு. தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் குத்தவைத்துக் குச்சியால் தூக்கிக்கொண்டிருந்தான். ஆறாம் வகுப்புக்காரன் குச்சியை வாங்கி அவனே ஆட்டிப் பார்த்தான். “இன்னும் மெதுவா தூக்குனா நல்லா இருக்கும்” என்றான். பயம் முழுதாகப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ராத்திரியில் தொட்டிப் பக்கம் இன்னும் போவதில்லையாம். ஆனால் அவன் சொன்ன திருத்தம் சரிதான். அந்தக் கையை நாங்கள் அவசரமாகத்தான் தூக்கியிருந்தோம்.

விழிப்புணர்வுப் படத்துக்கு வருகிறேன். அதையும் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. நெகிழிப் பை ஒழிப்பு, மரம் நடுதல், செல்போன் தீமை என்று முதல் வருஷம் மூன்று எடுத்தோம். மூன்றிலும் கடைசியில் ஒரு பிள்ளை கேமராவைப் பார்த்து நமக்குப் புத்தி சொல்கிறது. எடுத்தவர்களே இரண்டாவது தடவை பார்க்கவில்லை. செல்போன் தீமைப் படத்தை செல்போனில் எடுத்து செல்போனில் பார்த்தோம் என்பதை ஒரு பெண் சொல்லிச் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அந்தப் படங்களில் பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பிடித்ததைச் சொன்னார்கள். அவர்கள் மனசில் இருந்த எதுவும் அதில் இல்லை.

அடுத்த வாரம், உங்களுக்கு எது பயம் என்று கேட்டேன். வகுப்பே மாறிப்போனது.

பேய் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று கவலைப்படும் நாம்தான் ஆடி மாதம் அவர்களைக் கோவில் கொடைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போகிறோம். சாமக்கொடையில் நடு ராத்திரி, சுடலைமாடன் சாமியாடி தீப்பந்தத்தோடு மயான வேட்டைக்குப் போகும்போது ஊரே வாசல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வில்லுப்பாட்டில் நீலி கதை கேட்டு வளராத பிள்ளை நம்ம பக்கத்தில் எத்தனை? புருஷனால் கொல்லப்பட்ட ஒரு பெண் அடுத்த பிறவியில் கள்ளிக்கட்டையைக் கைக்குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழிவாங்க வருகிற கதை அது. அதைச் சின்ன வயசில் அம்மா மடியில் படுத்துக்கொண்டுதான் கேட்டோம். தமிழாசிரியை ஒரு நாள் வகுப்பில் வந்து உட்கார்ந்தவர், பரணி இலக்கியத்தில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கிற பகுதியைச் சொல்லிக்காட்டினார். பிள்ளைகள் ‘இதை ஏன் எங்களுக்குப் பாடத்தில் வைக்கலை’ என்று கேட்டு அவரை விடவில்லை.

அதனால் பேயை நான் பள்ளிக்குள் கொண்டுவரவில்லை. அது ஏற்கெனவே வரிசையில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

பயமுறுத்துவதைக் கற்றுக்கொடுக்க வில்லுப்பாட்டைவிட நல்ல வாத்தியார் இல்லை. உடுக்கை எப்போது வேகமாகிறது, எப்போது சட்டென்று நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள் என்று ஒரு கொடைக்குப் பிள்ளைகளை அனுப்பினேன். திரும்பி வந்த ஒருத்தி சொன்னாள்: “அண்ணாச்சி, அடிக்கும்போது பயமா இல்ல. நிறுத்தும்போதுதான் பயமா இருக்கு.” பதினைந்து வருஷம் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதை அவள் ஒரு ராத்திரியில் பிடித்துவிட்டாள்.

ஏன் காதல் கதையோ நகைச்சுவையோ எடுக்கக் கூடாது என்று ஓர் அண்ணாச்சி கேட்டாராம். எடுக்கலாம். ஆனால் அழ வைக்க நல்ல நடிகர் வேண்டும், சிரிக்க வைக்க அதைவிட நல்ல நடிகர் வேண்டும். பயமுறுத்த ஒரு கதவும் கொஞ்சம் பொறுமையும் போதும். 2013-இல் சுவீடனில் ஒருவர் தன் மனைவியை மட்டும் நடிக்க வைத்து, தங்கள் குடியிருப்புக்குள்ளேயே மூன்று நிமிஷம்கூட வராத ஒரு படம் எடுத்தார். விளக்கை அணைத்தால் நடையில் ஓர் உருவம் தெரிகிறது, போட்டால் இல்லை. அவ்வளவுதான் கதை. அதைப் பார்த்துவிட்டு ஹாலிவுட் அவரைக் கூப்பிட்டு 2016-இல் முழுநீளப் படமாகவே எடுக்கச் சொன்னது. நம்ம பிள்ளைகள் அதைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “கரண்ட் போனா என்ன ஆகும்?” நாங்கள் எடுத்த இரண்டாவது பேய்ப் படம் அந்தக் கேள்விதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1975-இல் வந்த ‘ஜாஸ்’ படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடலில் இறக்கியதும் மக்கர் பண்ணியது. உப்புத் தண்ணீர் அதைத் தின்றது. அதனால் சுறாவைக் காட்டாமலே பாதிப் படத்தை ஓட்ட வேண்டியதாயிற்று. இரண்டே சுரத்தில் ஓர் இசை, மேலே ஒரு மிதவை நகர்வது, இதை வைத்தே உலகத்தைக் கடலில் இறங்கப் பயப்படவைத்தார்கள். கடற்கரைப் பையன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, “உப்புத் தண்ணி பட்டா மோட்டார் என்ன ஆகும்னு எங்கப்பாட்ட கேட்டுருக்கலாம்லா” என்றான். சரி, கேட்டிருந்தால் அந்தப் படம் கெட்டுப்போயிருக்கும்.

நாங்கள் வகுப்பில் என்ன செய்கிறோம் என்று யாரும் வந்து பார்க்கவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் மூன்று வாரம் செல்போனைத் தொடவே விட மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் பள்ளி வளாகத்தில் உட்கார வேண்டும், காதில் விழுந்ததை எல்லாம் எழுத வேண்டும். கொடிக்கம்பத்தில் கயிறு தட்டுவது, மின்விசிறியின் ‘டக் டக்’, குழாய் சொட்டுவது, பனை ஓலைகள் ஒன்றோடொன்று உரசுவது. ராத்திரி எட்டு மணிக்குத் தோட்டத்தில் பதிவு செய்த ஓலைச் சத்தத்தைப் பகலில் போட்டபோது பாதி வகுப்புக்கு அது என்னவென்று தெரியவில்லை. பதிவு செய்த பையனுக்கு மட்டும் சிரிப்பு. பனங்காட்டு நரி சலசலப்புக்கு ஏன் அஞ்சாது என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

அப்புறம், திடுக்கிடுவதும் பயப்படுவதும் ஒன்றல்ல என்பது. காதருகே பலூன் உடைத்தால் யாரும் துள்ளுவார்கள். அதற்குத் திறமை வேண்டாம். 1942-இல் வந்த ‘கேட் பீப்பிள்’ என்ற படத்தில் ஒரு பெண் ராத்திரித் தெருவில் தனியாக நடக்கிறாள். பின்னால் காலடிச் சத்தம் வருகிறது, பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. சீறல் சத்தத்தோடு பாய்ந்து வருவது மிருகம் என்று நாம் நினைக்கும்போது, அது ஒரு பேருந்து பிரேக் போட்டு நிற்பது. இன்றைக்கும் சினிமாக்காரர்கள் அந்த மாதிரிப் பொய்த் திடுக்கத்துக்கு ‘பஸ்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். நம்ம பிள்ளைகளுக்குப் பேருந்து கிடைக்கவில்லை. ஒரு பெண் குக்கர் விசில் வைத்தாள். அம்மா அடுக்களையில் இல்லை, அடுப்பும் எரியவில்லை, ஆனால் விசில் வருகிறது. இது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. அந்த வாரம் முழுக்க என் வீட்டில் குக்கர் விசில் அடித்தபோதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ரத்தம் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். 1960-இல் ஹிட்ச்காக் ‘சைக்கோ’வைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தபோது ரத்தத்துக்குச் சாக்லேட் பாகை ஊற்றினார் என்று சொன்னேன். நாங்கள் நன்னாரி சர்பத்தில் ஆரம்பித்தோம். எறும்பு வந்து படப்பிடிப்பை நிறுத்தியது. அதற்குப் பிறகு ரத்தத்தைக் காட்டுவதைவிட, தரையைத் துடைத்த துணியை யாரோ பிழிகிற சத்தத்தை வைப்பது நல்லது என்று அவர்களே முடிவு செய்தார்கள். எலும்பு முறிவதற்கு முருங்கைக்காய். நல்ல முற்றிய காயாக இருக்க வேண்டும்.

வந்த முதல் கதைகள் எல்லாவற்றிலும் வெள்ளைச் சேலை, விரித்த தலைமுடி. நான் கதையை அடிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: அவள் யார், ஏன் செத்தாள்? அதற்குப் பதில் எழுதத் தெரியாவிட்டால் படம் கிடையாது. பதில்களை வாசித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. பெரும்பாலான பேய்கள் யாராலோ கொல்லப்பட்ட பெண்கள். கொன்றவன் வீட்டு ஆள். பிறகு ஏன் நாம் அவளைப் பார்த்துப் பயப்படுகிறோம், அவனைப் பார்த்துப் பயப்படாமல் என்று ஒரு பிளஸ் ஒன் பெண் கேட்டாள். நான் தெரியாது என்றேன். அதற்குப் பிறகு வந்த கதைகளில் வெள்ளைச் சேலையே காணாமல் போனது.

அப்படி வந்த இரண்டு படங்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது.

ஒன்றின் பெயர் ‘எட்டரை மணி’. மூன்று நிமிஷம். ஒரு வீடு. அம்மா சமைக்கிறாள், அக்கா படிக்கிறாள், தம்பி டி.வி. பார்க்கிறான். தூரத்தில் ஒரு மொபெட் சத்தம். அம்மா அடுப்பைத் தணிக்கிறாள். அக்கா புத்தகத்தை மூடிப் பையில் போட்டுப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறாள். தம்பி டி.வி.யை அணைக்கிறான். நாய் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறது. மொபெட் வாசலில் நிற்கிறது. சாவி குலுங்குகிறது. படம் இருட்டாகிவிடுகிறது. அவ்வளவுதான். பேயும் ரத்தமும் கிடையாது. படம் முடிந்து யாரும் கைதட்டவில்லை. வகுப்பில் நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். அதை எடுத்த பிள்ளை யார் என்று தயவுசெய்து தேடாதீர்கள். தேடினாலும் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அன்றே வகுப்பாசிரியரிடம் பேசினேன், அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். அதற்குப் பிறகுதான் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும், பள்ளிக்கல்வித் துறையின் 14417-ஐயும் எங்கள் வகுப்பு நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வைத்தேன்.

விழிப்புணர்வு என்ற சொல்லுக்கு இதைவிட வேறு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது படம் ஒரு தண்ணீர் பாட்டில். ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் நால்வர் எடுத்தது. காலையில் நிறைந்திருக்கிறது. இரண்டாவது பீரியட், நிறைந்திருக்கிறது. மதியம், வெயில், எல்லாருக்கும் வியர்க்கிறது, பாட்டில் நிறைந்தே இருக்கிறது. ஏன் இவள் குடிக்கவில்லை என்று பார்க்கிறவர்களுக்கு மெல்ல ஒரு கலக்கம் வருகிறது. கடைசி ஷாட்டில் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற கழிப்பறைக் கதவு. உள்ளே தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணித் துளை. காற்றில் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. நம்ம பள்ளியில் எடுத்த படங்களில் என்னை ரொம்பப் பயமுறுத்தியது இதுதான். இந்தத் தாழ்ப்பாள் விஷயம் உங்கள் தீர்மானப் புத்தகத்திலும் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

சரி, கட்டுப்பாடு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, இனி இன்னும் கூடும். தணிக்கை வாரியமே 2024-இலிருந்து யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்துவிட்டது. நாங்களும் பதின்மூன்று வயசுக்குக் கீழே யாரையும் உள்ளே விட மாட்டோம், எடுக்கவும் பார்க்கவும். தண்டவாளம், கிணறு, மொட்டைமாடி, இருட்டிய பிறகு கடல் பக்கம் படப்பிடிப்பு கிடையாது. நிஜக் கத்தி, அரிவாள் கிடையாது. கழுத்தில் கயிறு என்ற காட்சியே கிடையாது, கதைக்கு எவ்வளவு தேவைப்பட்டாலும். வழியில் போகிறவர்களைப் பயமுறுத்தி எடுக்கிற பிராங்க் வீடியோ செய்தவன் அடுத்த வாரம் வர வேண்டாம். பாவம் அந்தப் பால்காரர், முதல் வருஷம் ஒரு தடவை கீழே விழுந்தே விட்டார். யாருடைய சாமியையும், சாமியாடியையும் கேலி செய்யக் கூடாது. பெற்றோர் கையெழுத்து இல்லாமல் எந்தப் படமும் இணையத்தில் ஏறாது. கையெழுத்து இருந்தாலும் ‘எட்டரை மணி’ ஏறாது.

சினிமா பார்த்துச் சினிமாவுக்கே ஓடிவிடுவார்கள் என்றும் ஒரு பேச்சு வந்ததாம். ஓடினால்தான் என்ன. தொலைக்காட்சிக் குறும்படப் போட்டியிலிருந்து வந்த கார்த்திக் சுப்புராஜ் 2012-இல் முதல் படமாக எடுத்ததே ஒரு பங்களாவுக்குள் நடக்கும் பேய்க் கதைதான். ஆனால் நான் அதற்காக நடத்தவில்லை. இருபத்தியிரண்டு பேரில் ஒருவர்கூட அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம். நர்ஸாகவோ படகுக்காரராகவோ ஆகட்டும். அரசே 2022-இலிருந்து பள்ளிகளில் சிறார் படங்களைத் திரையிட்டு வருகிறது. பிள்ளைகள் படம் பார்க்கலாம் என்றால் எடுக்கவும் செய்யலாம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. சனிக்கிழமை நாலரையிலிருந்து ஆறரை வரை பழைய ஆய்வகம். ஒவ்வொரு வாரமும் உங்களில் யாராவது ஓர் அம்மா வந்து உட்கார வேண்டும். சும்மா உட்கார வேண்டாம், நடிக்க ஆள் குறைகிறது. முடிந்தால் அடுத்த கூட்டத்துக்கு முன்பு அரை மணி நேரம் ஒதுக்கி, ஐந்து படத்தையும் பாருங்கள். பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன்.

இப்போது ஒரு படம் பாதியில் நிற்கிறது. எல்லா ஷாட்டும் எடுத்தாயிற்று, ஒரு சத்தம் மட்டும் பாக்கி. ஆய்வகக் கதவைத் திறக்கும்போது வருகிற அந்த நீளமான கிறீச். வேறு எந்தக் கதவிலும் அது வரவில்லை, என் வீட்டுக் கதவு, பிள்ளைகள் வீட்டுக் கதவு எல்லாவற்றிலும் முயற்சி செய்து பார்த்தோம். பராமரிப்பு வேலைக்கு ஆள் வருவதாகவும், கீலுக்கெல்லாம் எண்ணெய் போடப்போவதாகவும் வாட்ச்மேன் சொன்னார். தயவுசெய்து அந்த ஒரு கதவை மட்டும் இன்னும் பத்து நாளைக்கு விட்டுவையுங்கள். வருகிற ஆளிடம் எண்ணெய்க்குப் பதிலாக ஒரு தாழ்ப்பாளைக் கொடுத்து, முதலில் பின்பக்கக் கழிப்பறைக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வீடியோக்காரன்